ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைக்கும் கனவான்களுக்கு...

மக்களே, சண்டை போட்டு ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியலை. ஆனா இந்த ஒரு வாரத்துல மூணு வாட்ஸப் குழுவுல இருந்து ஒரே சரக்கு வந்து சேர்ந்திருக்கு. போதாக்குறைக்கு நம்ம பதிவர்கள்லயே ரெண்டு பேர் அதை வரி மாத்தாம பதிவாப் போட்டு, "அருமை நண்பரே"ன்னு முப்பது பின்னூட்டமும் வாங்கிட்டாங்க. பேர் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே தெரியும். பதில் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் நீளமான பதிவு, டீயோட உக்காருங்க.

மேட்டர் இதுதான். ஃப்ரிட்ஜ் விஷயத்துல தமிழ்நாட்டுல ரெண்டு கட்சி இருக்கு.

முதல் கட்சி: "ஃப்ரிட்ஜ் ஒரு வியாதிப் பெட்டி. நம்ம முன்னோர்கள் என்ன ஃப்ரிட்ஜா வெச்சிருந்தாங்க? மண்பானை போதும்."

ரெண்டாவது கட்சி: "ஃப்ரிட்ஜ் இருக்கட்டும், ஆனா ராத்திரி படுக்கும்போது ஆஃப் பண்ணிரணும். கரண்ட் பில் பாதியாக் குறையும்."

ரெண்டு கட்சிக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. பேசுறவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. மாவு ஆட்டினவங்க ஒருத்தரும் கிடையாது.

நான் மூணாவது கட்சி. என் கொள்கையை முதல்லயே சொல்லிடறேன். ஃப்ரிட்ஜ்ல மிச்சம் பிடிக்கணும்னா வாங்குற அன்னிக்குக் கடையில பிடிங்க. அப்புறம் அதை வெக்கிற இடத்துல பிடிங்க. சுவிட்ச்ல கை வெக்காதீங்க. சுவிட்ச்ல பிடிக்கிற மிச்சம் வீட்டுப் பொம்பளைங்களோட உழைப்புல இருந்தும், நோயாளியோட மருந்துல இருந்தும் உருவுற காசு. அதுவும் எவ்வளவு காசுன்னு கணக்குப் போட்டா வெக்கமா இருக்கும். கணக்கு கீழ வருது.

முதல்ல முதல் கட்சி.

எங்க ஊர் சாணார்பட்டி. தெரியாதவங்களுக்கு: திண்டுக்கல்ல இருந்து நத்தம் போற ரோட்டுல, சிறுமலையைப் பார்த்துக்கிட்டே வந்தா வரும். "மலை பக்கத்துல இருக்கே, குளுகுளுன்னு இருக்குமே"ன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. குளுகுளு மேல இருக்கு சாமி, நாங்க கீழ இருக்கோம். சித்திரை மாசம் தகரக் கூரை போட்ட வீட்டுக்குள்ள நின்னு பார்த்தாத்தான் எங்க ஊர் புரியும்.

இந்த வெயில்ல எங்க அப்பத்தா ஃப்ரிட்ஜ் இல்லாமத்தான் குடும்பம் நடத்துச்சு. உண்மை. எப்படி நடத்துச்சுன்னு முன்னோர் புகழ் பாடுறவங்க கேட்டதே இல்லை. இன்னிக்கு ஆட்டின மாவு நாளைக்குச் சாயங்காலம் பொங்கிப் புளிச்சிரும். அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டுக்கல்லு முன்னால உக்காரணும். பாலை ஒரு நாளைக்கு மூணு தடவை காய்ச்சணும். மீந்த குழம்பை ராத்திரி ஒரு தடவை, விடிஞ்சு ஒரு தடவை சூடு பண்ணணும், விறகடுப்புல. மீந்த சோத்துல தண்ணி ஊத்தினா பழைய சோறு. அது ஒண்ணுதான் உழைப்பில்லாம நடந்த காரியம். முன்னோர்கள் வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்லைங்கிறது பாதி உண்மை. ஃப்ரிட்ஜ் செய்ய வேண்டிய வேலையை ஒரு பொம்பளை செஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்கிறது மீதி. அந்த மீதியை யாரும் பார்வேர்டு பண்றதில்லை.

2011ல தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது ஞாபகம் இருக்கும். 2006ல டிவி. இந்த ரெண்டு லிஸ்ட்லயும் ஃப்ரிட்ஜ் கிடையாது. கிரைண்டர் வந்ததும் இடுப்பு வலி குறைஞ்சது, ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டுறது குறையலை. ஆட்டின மாவை நாலஞ்சு நாள் வெச்சுக்க ஒரு பெட்டி வந்த பிறகுதான் வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டினாப் போதும்னு ஆச்சு. கிரைண்டரோட பலன் முழுசாக் கிடைக்க ஃப்ரிட்ஜ் வேண்டியிருந்தது. இதை எந்தப் பொருளாதார நிபுணர்கிட்டயும் கேக்க வேண்டாம், உங்க வீட்டுல கேளுங்க.

மண்பானையை நான் குறை சொல்லலை. அதுல இருக்கிறது நல்ல பொறியியல். பானையோட நுண்துளை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகும்போது உள்ள இருக்கிற சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. குஜராத்ல வாங்கானேர் ஊர்க்காரர் மன்சுக்பாய் பிரஜாபதி இதே தத்துவத்துல களிமண்ணாலயே 'மிட்டிகூல்'னு ஒரு குளிர்பெட்டி பண்ணினார். கரண்டே வேண்டாம். காய்கறியும் பாலும் சில நாள் தாங்கும். கையெடுத்துக் கும்பிடணும். ஆனா ஆவியாதல்ங்கிறது காத்து காஞ்சு இருந்தாத்தான் நல்லா நடக்கும். ஐப்பசி மழையில புழுக்கமா இருக்கும்போது பானை கை விரிச்சிரும். எந்த ஊர்லயும் எந்தப் பானையும் நம்ம வெயில்ல 4 டிகிரிக்கு இறங்காது. பானை தண்ணிக்கு ராஜா. மருந்துக்கு இல்லை.

"வியாதிப் பெட்டி"ங்கிற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லிடறேன். சமைச்ச சாப்பாட்டுல கிருமி வேகமாப் பெருகுறது சுமார் 5 டிகிரியில இருந்து 60 டிகிரி வரைக்கும். எங்க ஊர் சமையல்கட்டு வருஷம் முழுக்க இந்த எல்லைக்குள்ளதான் இருக்கு. ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, மெதுவாக்கும். அவ்வளவுதான். மெதுவாக்குற பெட்டியில பத்து நாள் பழைய மீன் குழம்பை வெச்சுத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சா அது பெட்டி குத்தமா? சமைச்சது மூணு நாலு நாள், அதுக்கு மேல வேண்டாம். இதை ஒரு வரியில சொல்லியிருந்தா அந்த வாட்ஸப் சரக்கு உபயோகமா இருந்திருக்கும். ஆனா பாருங்க, உபயோகமா இருக்கிறதை யாரும் பத்துப் பேருக்கு அனுப்ப மாட்டாங்க :-)

இப்ப ரெண்டாவது கட்சி. இதுதான் ஆபத்தான கட்சி. ஏன்னா முதல் கட்சி பேசும், வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜ்ல இருந்து மோர் எடுத்துக் குடிக்கும். ரெண்டாவது கட்சி நிஜமாவே சுவிட்சை அணைக்கும்.

வாங்க, கணக்கைப் பார்ப்போம். ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற லேபிள்ல வருஷத்துக்கு 180 யூனிட்னு போட்டிருக்குன்னு வெச்சுக்குவோம். நம்ம பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அப்ப ஒரு பில்லுக்கு 30 யூனிட். ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் எட்டு மணி நேரம், ஒரு நாள்ல மூணுல ஒரு பங்கு. அந்த நேரத்துக்கான கரண்ட் 10 யூனிட். உண்மையில அதைவிடக் குறைவு, ஏன்னா ராத்திரி வெளிச்சூடு குறைவு, கதவை யாரும் திறக்குறதில்லை, கம்ப்ரஸர் கம்மியாத்தான் ஓடும். போகட்டும், தாராளமா 10ன்னே வெச்சுக்குவோம்.

இதுல இன்னொரு சங்கதி. அணைச்சு வெச்சா அந்த 10 யூனிட்டும் மிச்சமாகாது. ராத்திரி முழுக்க சுவர் வழியா உள்ள நுழையுற சூட்டைக் காலையில சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரஸர் மூச்சு வாங்க வெளியேத்தணும். உள்ள சூடு ஏற ஏற நுழையுற வேகம் கொஞ்சம் குறையும், அந்த வித்தியாசம் மட்டும்தான் மிச்சம். அது பாதி கூடத் தேறாது. இருந்தாலும் வாதத்துக்காக 10 யூனிட்டும் முழுசா மிச்சம்னு வெச்சுக்குவோம்.

2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்தை எடுத்துக்கிறேன். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள ஓட்டுற வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2 ரூபா 25 காசு, 201ல இருந்து 400 வரைக்கும் 4 ரூபா 50 காசு. ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட் ஓட்டுற சின்ன வீட்டுல 10 யூனிட் மிச்சம்னா 22 ரூபா 50 காசு. மாசத்துக்குப் பதினோரு ரூபா சொச்சம். கொஞ்சம் பெரிய வீடா 300 யூனிட் ஓட்டினா 45 ரூபா. அதுக்குப் பிறகு கட்டணம் மாறினது தெரியும். இப்போதைய விலையை வெச்சு நீங்களே போட்டுப் பாருங்க, புரட்சி எதுவும் வராது. "பில் பாதியாக் குறையும்"னு சொன்ன புண்ணியவான் எந்தக் கால்குலேட்டர் வெச்சிருக்கார்னு தெரிஞ்சா எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க. சம்பள உயர்வு அன்னிக்கு உபயோகப்படும்.

சரி, இந்தப் பதினோரு ரூபாய்க்கு என்ன கொடுக்குறோம்?

கதவைத் திறக்காம வெச்சா, கரண்ட் போன ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கிற சாப்பாட்டைச் சுமார் நாலு மணி நேரம் பத்திரமா வெச்சிருக்கும். இது உலகம் முழுக்கச் சொல்ற கணக்கு. நீங்க எட்டு மணி நேரம் அணைக்கிறீங்க. தினமும். அதாவது தினமும் ராத்திரி உங்க வீட்டுல நீங்களே ஒரு மின்வெட்டு நடத்துறீங்க. 2012ல திண்டுக்கல் மாதிரி வெளிமாவட்டங்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போச்சு, நான் அப்ப பத்தாவது. ஃப்ரிட்ஜ் பீரோவா மாறி, எங்க வீட்டுல அதுக்குள்ள புளியையும் வத்தலையும் வெச்சிருந்தோம். அன்னிக்கு அரசாங்கத்தைத் திட்டாத வாய் கிடையாது. அன்னிக்குத் திட்டின அதே ஆட்கள் இன்னிக்கு ஆசையா எழுந்து போய் சுவிட்சை அணைக்கிறாங்க. அவ்வ்வ்வ்...

மாவு புளிச்சா என்ன, பால் திரிஞ்சா என்ன, பொறுத்துக்கலாம்னு சொல்லுவீங்க. அடுத்ததைக் கேளுங்க.

எங்க தெருவுல இன்சுலின் போடுறவங்க நாலு பேர். நாட்டுல சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடின்னு 2023ல ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வு சொல்லுச்சு. அதுல இந்த நாலு பேரும் அடக்கம். திறக்காத இன்சுலின் குப்பியை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வெக்கணும். திறந்ததை ரகத்தைப் பொறுத்து 25, 30 டிகிரிக்குக் கீழ சுமார் நாலு வாரம் வெச்சுக்கலாம். சித்திரை வெயில்ல எங்க ஊர்ல 30 டிகிரிக்குக் கீழ இருக்கிற இடம் கிணத்தடி மட்டும்தான். நாலு பேர்ல ஒரு பெரியம்மா வீட்டுல ஃப்ரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல, ஒரு சின்ன டப்பாவுல பேர் எழுதி, குப்பியை வெச்சிருக்காங்க. ரெண்டு மாசத்துக்கான மருந்து. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டாவது கட்சி. தினமும் ராத்திரி பத்து மணிக்கு டக். பெரியம்மாவுக்கு இது தெரியாது. மருந்து போட்டும் சர்க்கரை இறங்கலைன்னா "இனிப்பு சாப்பிட்டிருப்பே"ன்னு வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டு இருந்தாங்க. குளிர் தப்பிய இன்சுலின் பார்வைக்கு ஒண்ணும் காட்டிக் கொடுக்காது. நிறம் மாறாது, வாடை வராது. சத்தமில்லாம வீரியம் குறையும்.

சர்க்கரை இறங்காததுக்கு அதுதான் காரணம்னு சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த மருந்து எந்தச் சூட்டுல இருந்திருக்கும்னு சொல்ல எனக்குப் படிச்ச படிப்பு போதும். போன லீவுல போனப்ப அந்த அண்ணன்கிட்ட பேசினேன். "ஏண்ணே, மாசம் பதினோரு ரூபா நான் ஜிபே பண்றேன், அணைக்காதீங்க"ன்னேன். சிரிச்சாரு. இப்ப அணைக்கிறதில்லை. அவர் கெட்டவர் கிடையாது. யாரோ சொன்னதைக் கேட்டு நல்லது பண்றோம்னு நினைச்சவர். அந்த 'யாரோ' நம்மள்ல ஒருத்தரா இருக்கக் கூடாதுங்கிறதுதான் என் சண்டையே.

"அப்ப மின்சாரச் சிக்கனமே வேண்டாங்குறியா?" வேணும். அது எங்க கிடைக்கும்னு பாருங்க.

சென்னையில திருவல்லிக்கேணி கடற்கரையில ஐஸ் ஹவுஸ் இருக்கே, இப்ப விவேகானந்தர் இல்லம். 1842ல அதைக் கட்டினது பிரெடரிக் டூடரோட ஐஸ் கம்பெனி. அமெரிக்காவுல ஏரிகள்ல உறைஞ்ச ஐஸை வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல மாசக்கணக்குல பயணம் பண்ணி மெட்ராஸ் வெயிலுக்குக் கொண்டு வந்து வித்தாங்க. கம்ப்ரஸர் இல்லை, கரண்ட் இல்லை. பாதி உலகத்தைத் தாண்டி ஐஸைக் காப்பாத்தினது மரத்தூள். குளிர்ச்சியை உண்டாக்குறதைவிடச் சூட்டை உள்ள விடாம இருக்கிறதுதான் பெரிய வித்தைன்னு டூடருக்குத் தெரிஞ்சிருந்தது. இன்னிக்கு உங்க ஃப்ரிட்ஜ் சுவத்துக்குள்ள மரத்தூளுக்குப் பதிலா நுரை இருக்கு. அந்த நுரையோட தரமும் கம்ப்ரஸரோட தரமும்தான் உங்க பில்லைத் தீர்மானிக்குது. ரெண்டும் ஃபேக்டரியிலயே முடிவாகிப் போச்சு.

அமெரிக்கக் கதை இன்னும் சுவாரசியம். 1970களோட ஆரம்பத்துல அங்க விக்கிற புது ஃப்ரிட்ஜ் ஒண்ணு சராசரியா வருஷத்துக்கு 1,800 யூனிட்டை ஒட்டித் தின்னுச்சு. அதுக்கப்புறம் கலிபோர்னியா தரநிலை கொண்டு வந்தது, பின்னால நாடு முழுக்க வந்தது. 2000கள்ல அது 500ஐ ஒட்டி இறங்கிருச்சு. இத்தனைக்கும் ஃப்ரிட்ஜ் சைஸ் பெருசாச்சு. இதை எந்த அமெரிக்க வீட்டுக்காரரும் ராத்திரி எழுந்து போய் சுவிட்சை அணைச்சுச் சாதிக்கலை. சட்டம் போட்டு ஃபேக்டரிக்காரன் கையை முறுக்கிச் சாதிச்சாங்க.

நம்ம நாட்டுல அந்த வேலையைப் பண்றது பி.இ.இ., அதாவது மத்திய அரசோட எரிசக்தித் திறன் செயலகம். ஸ்டார் லேபிள் 2006ல ஆரம்பிச்சது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கு 2010ல கட்டாயமாச்சு. ஆக ஆயுதம் கையில இருக்கு. நாமதான் அதைப் படிக்காம நட்சத்திரத்தை எண்ணிக்கிட்டு இருக்கோம்.

கடைக்குப் போவோம் வாங்க. திண்டுக்கல்ல ஒரு பெரிய கடை. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், எல்லாக் கடையும் அப்படித்தான். அம்மாவோட போனேன். "எத்தனை பேர் வீட்டுல?"ன்னு கேக்கலை. "பட்ஜெட் எவ்வளவு சார்?" அதுதான் முதல் கேள்வி. சொன்னதும் அதுக்கு மேல மூவாயிரம் அதிகமான டபுள் டோர் முன்னால கொண்டு போய் நிறுத்தினாரு. "அஞ்சு பேர் முன்னாடி வெச்சாக் கெத்தா இருக்கும்மா." ஃப்ரிட்ஜ் சமையல்கட்டுக்குங்க, கெத்துக்கு ஹால்ல டிவி இருக்கு.

கடைக்காரர் சொல்லாத சில விஷயங்களை நான் சொல்றேன்.

ஒண்ணு, நட்சத்திரத்தை எண்ணாதீங்க, யூனிட்டைப் படிங்க. லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு பெரிய எழுத்துல இருக்கும். நட்சத்திரம் அதே வகை, அதே சைஸ் பெட்டிகளுக்குள்ள போடுற ரேங்க். பெரிய டபுள் டோர் மூணு ஸ்டாரும் சின்ன சிங்கிள் டோர் மூணு ஸ்டாரும் ஒரே அளவு கரண்ட் தின்னாது. பத்தாம் வகுப்பு பி செக்‌ஷன் முதல் ரேங்கையும் பன்னிரண்டாம் வகுப்பு முதல் ரேங்கையும் ஒப்பிடுற கதை.

ரெண்டு, லேபிள்ல எந்த வருஷத்துக்கான லேபிள்னு இருக்கும், அதையும் பாருங்க. அளவுகோலை அப்பப்ப இறுக்குறாங்க. 2023 ஜனவரியில அப்படி இறுக்கினப்ப பழைய 5 ஸ்டார் பல பெட்டி 4க்கு இறங்குச்சு. கூடவே உள்ள நிஜமா எவ்வளவு வெக்க முடியும்ங்கிற நிகரக் கொள்ளளவையும் போட வெச்சாங்க. பழைய சரக்கைத் தள்ளுபடியில தள்ளுறப்பப் பழைய நட்சத்திரம் பளபளன்னு மின்னும், ஏமாறாதீங்க.

மூணு, 5 ஸ்டார்தான் எப்பவும் லாபம்னும் நம்பாதீங்க. ரெண்டு மாடல் இருக்கு, வருஷத்துக்கு 70 யூனிட் வித்தியாசம்னு வெச்சுக்குங்க. அதே 2022 கட்டணத்துல 2 ரூபா 25 காசு படியில இருக்கிற வீட்டுக்கு வருஷம் 157 ரூபா 50 காசு மிச்சம், பத்து வருஷத்துக்கு 1,575. 4 ரூபா 50 காசு படியில இருந்தா 3,150. விலை வித்தியாசம் இதைவிடக் குறைவுன்னா வாங்குங்க, அதிகம்னா யோசிங்க. இன்னொரு சூட்சுமம், 500 யூனிட்டை ஒட்டி ஓட்டுற வீடு. அந்தக் கட்டணத்துல 500 யூனிட்டுக்கு 1,725 ரூபா, 501க்கு 1,958 ரூபா. ஏன்னா 500ஐத் தாண்டினா 101-200க்கான சலுகை விலையே போயிரும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா! அந்த விளிம்புல நிக்கிறவங்களுக்குக் கரண்ட் குறைவாத் தின்னுற பெட்டி நிஜமாவே தெய்வம்.

நாலு, சைஸ். நாலு பேர் வீடு, தினமும் காய் வாங்குற ஊர், கறி எடுத்தா அன்னிக்கே தீர்ற வீடுன்னா 180, 200 லிட்டர் சிங்கிள் டோர் தாராளம். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில காத்தாடி, ஐஸ் உருக்குற ஹீட்டர் எல்லாம் இருக்கு. வசதிதான், ஆனா அதுக்கும் கரண்ட் வேணும். சிங்கிள் டோர்ல ஐஸ் கட்டும், நாமதான் உருக்கணும். நம்ம வீட்டுக்கு எது தேவைன்னு தினமும் அதைத் திறக்குறவங்க சொல்லட்டும். எங்க பக்கத்துல சைஸை முடிவு பண்றது சமையல்கட்டு இல்லை, கல்யாண மண்டபம். சீர் வரிசையில டபுள் டோர் நிக்கணும், ஊர் பாக்கணும். பொண்ணோட அப்பா கடன் வாங்கி வாங்கின பெட்டிக்குள்ள ரெண்டு தண்ணி பாட்டிலும் அரைப் படி மாவும். காலி அறையைக் குளிர வைக்க மாசாமாசம் மாப்பிள்ளை வீட்டுல பில் கட்டுறாங்க. கட்டிட்டு, "ஃப்ரிட்ஜ் ரொம்பக் கரண்ட் இழுக்குது, ராத்திரி ஆஃப் பண்ணிரு"ன்னு வந்த மருமககிட்டயே சொல்றாங்க. நல்லா இருக்குல்ல?

அஞ்சு, 'இன்வெர்ட்டர்' ஃப்ரிட்ஜ்னா கரண்ட் போனாலும் ஓடும்னு எங்க ஊர்ல பாதிப் பேர் நம்புறாங்க. ஓடாது. கம்ப்ரஸரோட வேகத்தைத் தேவைக்குத் தக்க ஏத்தி இறக்குற சமாச்சாரம் அது. நல்லதுதான், பேட்டரி இல்லை. 'ஸ்டெபிலைசர் வேண்டாம்'னு சொன்னா எத்தனை வோல்ட்ல இருந்து எத்தனை வோல்ட் வரைக்கும்னு கேளுங்க. சாயங்காலம் தோட்டத்து மோட்டார் எல்லாம் ஓடுற நேரத்துல உங்க வீட்டு வோல்டேஜ் அதுக்குள்ள நிக்குதான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வாங்கியாச்சு. இப்ப எங்க வெக்கிறது? எங்க ஊர் பதில்: மாடிப்படிக்குக் கீழ. மூணு பக்கமும் சுவர். இல்லைன்னா அடுப்புக்குப் பக்கம். இல்லைன்னா மேற்கு ஜன்னல் வெயில் நேரா அடிக்கிற ஹால். உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளுறதுதான் ஃப்ரிட்ஜோட வேலை. தள்ளின சூடு போக வழி வேணும். முன்னெல்லாம் முதுகுல கறுப்புக் கம்பி வலை தெரியும். இப்ப வர்ற நிறைய பெட்டிகள்ல அந்தக் குழாய் பக்கச் சுவருக்குள்ளயே இருக்கு. பக்கத்துல தொட்டாச் சுடுதுன்னு மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்க, அதுதான் அதோட மூச்சு. அதை ஒட்டி அரிசி மூட்டையைச் சாத்தி, மேல பூப்போட்ட துணியைப் பக்கம் முழுக்கத் தொங்க விட்டா மூச்சு முட்டும். சுத்தி நாலு விரக்கடையாவது இடம் விடுங்க. இந்த இடமாத்தத்துக்குக் காசே கிடையாது.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். கதவு ரப்பர்ல ஒரு பேப்பரை வெச்சு மூடி இழுத்துப் பாருங்க, சுலபமா வந்தா ரப்பரை மாத்துங்க. சிங்கிள் டோர்ல அரை விரல் கனத்துக்கு ஐஸ் கட்ட விடாதீங்க, உருக்குங்க. ஐஸ் குளிர்ச்சியைத் தர்றதா நினைக்கிறோம், அந்தக் கனம் குளிரைத் தடுக்குற போர்வை. கொதிக்கிற சாம்பாரை அப்படியே உள்ள தள்ளாதீங்க, அதுக்காக ராத்திரி முழுக்க வெளிய விடவும் வேண்டாம், ஆறினதும் மூடி வையுங்க. குமிழ்ல நம்பர் ஏற ஏறக் குளிர் ஏறும். உள்ள 4 டிகிரி பக்கம் இருந்தாப் போதும். இன்சுலினை ஃப்ரீசர்லயும் வெக்காதீங்க, அதுக்கு நேர் கீழத் தட்டுலயும், பின் சுவத்தை ஒட்டியும் வெக்காதீங்க. உறைஞ்சு போன இன்சுலின் குப்பைக்குத்தான். வெளியூர் போறீங்கன்னா உள்ள ஒண்ணும் இல்லாமத் துடைச்சு, கதவைத் திறந்து வெச்சு, அப்பத் தாராளமா ஆஃப் பண்ணுங்க. ரெண்டாவது கட்சியோட ஆசையும் நிறைவேறட்டும்.

கடைசியா நம்ம பதிவுலகச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. சிக்கனம் பத்தி எழுதுறது நல்ல விஷயம். ஆனா ஒரு வீட்டுல யாரோட உழைப்பைக் குறைக்க எந்த மெஷின் வந்திருக்குன்னு பாருங்க. கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். இதுங்களுக்குத்தான் "அந்தக் காலத்துல இல்லையே", "கரண்ட் இழுக்குமே", "சோம்பேறியாக்குமே"ன்னு விசாரணைக் கமிஷன் வருது. விடிய விடிய ஓடுற ஏசிக்கும், ஆள் இல்லாத ஹால்ல கத்துற டிவிக்கும், நாம பொட்டி தட்டுற கம்ப்யூட்டருக்கும் ஒரு பார்வேர்டும் வரலை. ராத்திரி எதையாவது அணைச்சே ஆகணும்னு கை அரிச்சா முதல்ல அதுங்களை அணைங்க. ஃப்ரிட்ஜைத் தொடுறதுக்கு முன்னால அதுக்குள்ள யாரோட மருந்து இருக்குன்னு கதவைத் திறந்து பாருங்க.

டிஸ்கி 1: எந்த ஃப்ரிட்ஜ் கம்பெனியும் எனக்கு ஒரு ஐஸ் ட்ரே கூடக் கொடுக்கலை.

டிஸ்கி 2: மண்பானைக் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல கும்மலாம், வரவேற்கிறேன். ஒரே நிபந்தனை, கடைசியா மாவு ஆட்டின தேதியைக் குறிப்பிட்டுட்டுக் கும்மவும்.